ஆறாவது பெயர்

வெஸ்ட் ஆர்னம், அயோவா
13 ஜனவரி 2009

கர்த்தருக்குள் பிரியமான மகன் மார்டனுக்கு, அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தைச் சொல்லி உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. அங்கே மழைதான் என்று நினைக்கிறேன். இங்கே பனி ஜன்னல் அடிக்கட்டை வரை ஏறிவிட்டது. அப்பாவின் முழங்கால் போன வருடத்தைவிட மோசம். பன்றிக் கொட்டகைக்குப் போய்வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார். கேட்டால், "வானத்தப் பாத்தேன்" என்கிறார்.

சாப்பாட்டுக்குப் பிந்தின வாசிப்பு நேற்று சாமுவேல் முதல் புத்தகம் நான்காம் அதிகாரம். உடன்படிக்கைப் பெட்டி பறிபோன அதிகாரம். நான் வழக்கம்போல நோட்டில் தேதி, அதிகாரம், மேசையில் எத்தனை பேர், கடைசி வார்த்தை எல்லாம் குறித்துவிட்டேன். இப்போது இரண்டே பேர் என்றாலும் அப்பா புத்தகத்தை மூடியதும் "கடைசி வார்த்தை என்ன?" என்று கேட்காமல் இருப்பதில்லை. நான் சொல்கிறேன்.

மார்டன், ஞாயிறு ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது பெர்தா என்னை ஓரமாக அழைத்துப் போனாள். அவள் பேத்தி கணினியில் எடுத்த நாலு தாள் கையில். "ஜெசீனா, கோவிச்சுக்காத. இதுல ஒம் மகன் பேரு இருக்கு" என்றாள். வேதம் முழுவதையும் பூனைகள் பேசுகிற மாதிரி, இன்டர்நெட்டில் பிள்ளைகள் அடிக்கிற பேச்சில், யார் யாரோ ஆளுக்கொரு அதிகாரமாகத் திருப்பி எழுதுகிறார்களாமே. ஆதியாகமம் இப்படி ஆரம்பிக்கிறது:

"ஃபர்ஸ்ட்டு ஒண்ணுமே இல்ல. ஒரே இருட்டு. பூனைக்கே கண்ணு தெரியாத இருட்டு. பெரிய மீசைக்காரரு சொன்னாரு, லைட்டு ப்ளீஸ். லைட்டு வந்துச்சு. மீசைக்காரரு, சூப்பரு. அப்டியே சுருண்டு தூங்கிட்டாரு. டே ஒன் ஓவரு."

கர்த்தரை மீசைக்காரர் என்பதா? நாலாம் தாளின் அடியில் 'மார்டன் டைக்ஹூயிஸ், முன்னாள் அயோவா' என்று இருந்தது. இது நீதானா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக நீ எந்தச் சபையிலும் இல்லை என்பதால் சபை மூப்பர் குழு உன் பெயரை விசாரணைக்கு எடுத்திருக்கிறது. மே நாலாம் தேதிக் கூட்டத்துக்குள், தவறிவிட்டேன், திரும்புவேன் என்று நீ இரண்டு வரி எழுதாவிட்டால், சபைப் புத்தகத்திலிருந்து உன் பெயரை அடிப்பார்கள். அடுத்த ஞாயிறு அதை எல்லார் முன்னும் வாசிப்பார்கள். புத்தகம் எழுதுகிறவர் யார் என்று உனக்குத் தெரியும். அந்தக் கோட்டை உன் அப்பாவின் கைதான் இழுக்க வேண்டும்.

இரண்டு வரி, மகனே.

உன்னை உறங்காமல் காக்கிறவரிடம் உன்னை விட்டு முடிக்கிறேன்.
அம்மா


போர்ட்லண்ட்
25 ஜனவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். அப்பாவின் முழங்காலுக்கு வைத்தியரைப் பார்த்தீர்களா? வானம் பார்த்தது போதும் என்று சொல்லுங்கள்.

ஆமாம், அது நான்தான். ஆனால் ஆதியாகமம் நான் எழுதியதில்லை. எல்லாரும் படைப்பையும் பேழையையும் சிங்கக் கெபியையும் முந்திப் பிடித்துக்கொண்டார்கள். பெயர்ப் பட்டியல் அதிகாரங்களைத் தொட ஆளில்லை. அநாதையாகக் கிடந்தன. நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். சிரித்துவிட்டுப் போக வந்தவர்களுக்கு நான் ஒரு பைத்தியக்காரன். "எதுக்குப்பா இவ்ளோ பேரு? அஞ்சாறு போட்டுட்டு 'இன்னும் பல பூனைங்க'ன்னு முடிச்சுடு" என்கிறார்கள். என்னால் முடியவில்லை. அந்தப் பெயர்களைக் கேட்டுக்கொண்டே உருளைக்கிழங்கு சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.

கேலி செய்யத்தான் தொடங்கினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். இப்போது என்ன செய்கிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

மூப்பர்களுக்கு எழுத மாட்டேன். நான் நம்பாததை எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வீர்களோ, உங்கள் விருப்பம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மார்டன்


வெஸ்ட் ஆர்னம்
9 பிப்ரவரி

பிரியமான மகனுக்கு,

சுகம். அப்பா வைத்தியரிடம் போனார். ஊசி போட்டார்கள். "எனக்கு ஒண்ணும் இல்லன்னு அவருக்குத் தெரிய இவ்ளோ நேரம் ஆச்சு" என்று வண்டியில் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வியாழக்கிழமை நூலகத்துக்குப் போனேன். அங்கிருக்கும் பெண் எனக்குக் கணினியைத் திறந்து கொடுத்து, "சமையல் குறிப்பா ஆன்ட்டி?" என்றாள். "வேதம்" என்றேன். பொய்யில்லையே.

என் வேதத்தையும் நோட்டையும் பக்கத்தில் வைத்து, வசனம் வசனமாக ஒத்துப் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள், எனக்குத் தெரிந்த படிப்பு இதுதான். முதலாம் அதிகாரத்தில் நீ எழுதியிருப்பது:

"ஆதாம், சேத்து, ஏனோசு. ரிப்பீட்டு. இன்னொரு ரிப்பீட்டு. முடியல. ஆனா ஒருத்தரயும் விடமாட்டோம்ல."

விடவில்லை. அதில் உள்ள பெயர்களையெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை. இரண்டாம் அதிகாரமும் சரி. நாலாம் அதிகாரத்தில் யூதா வம்சத்தில் ஒரு பெயரை இரண்டு தரம் போட்டிருக்கிறாய். ஏழாம் அதிகாரத்தில் ஆசேரின் மகள் சேராளை விட்டுவிட்டாய். ஆண்களை எல்லாம் எழுதிவிட்டு அந்த ஒரு பெண்ணை விடுவது சரியில்லை. ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பதில் குறையில்லை.

இதை நான் ஏற்றுக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே. பரிசுத்தமானதைச் செருப்போடு மிதிப்பதுபோலத்தான் எனக்கு இருக்கிறது. ஆனாலும் ஓரிடத்தில் சிரித்துவிட்டேன். நூலகத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து அதற்காக மன்னிப்புக் கேட்டு ஜெபித்தேன். ஜெபத்தின் நடுவில் மறுபடியும் சிரிப்பு வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த இரண்டு வரி. யோசித்துப் பார்.

கிருபை உன்னோடிருக்க,
அம்மா


போர்ட்லண்ட்
18 பிப்ரவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

சேராளைச் சேர்த்துவிட்டேன். "சேரா அக்காவ மறந்துட்டோம், சாரிக்கா" என்று வசனத்திலேயே போட்டேன். இரண்டு தரம் வந்த பெயரையும் எடுத்தாயிற்று. இத்தனை வருடத்தில் என் எழுத்தை யாரும் இப்படி வாசித்ததில்லை. அலுவலகத்தில் என் மேலாளர்கூட.

ஒன்று கேட்க வேண்டும். ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் அதிகாரம் வாசித்தீர்களா?

அப்பாவுக்கு ஊசி வேலை செய்கிறதா?

மார்டன்


வெஸ்ட் ஆர்னம்
2 மார்ச்

பிரியமான மகனுக்கு,

எல்லாரும் சுகம். பனி உருகி முற்றமெல்லாம் சேறு. வாசலில் பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே வர யாருக்கும் அனுமதியில்லை, அப்பா உட்பட. வெள்ளைப் பன்றி ஒன்பது குட்டி ஈன்றது. பெர்தா பாதாம் சுருள் கொண்டுவந்தாள், மாவு சரியாக வேகவில்லை, அவளிடம் சொல்லவில்லை. சபைக்கூடத்துக் கூரையைப் பழுதுபார்க்கிறார்கள். நேற்றைய வாசிப்பு சாமுவேல் இரண்டாம் புத்தகம் இருபத்தொன்று.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. சூடாகச் சாப்பிடு.

அம்மா


போர்ட்லண்ட்
9 மார்ச்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் எழுதிய வசனத்தை இங்கே எடுத்து எழுதுகிறேன். கணினிக்கு நீங்கள் திரும்பப் போக வேண்டாம்.

"செமாயா பூனையோட குட்டிங்க: அத்தூஸ், எகெயால், பாரியா, நெயாரியா, சாப்பாத். டோட்டல் ஆறு. ஹலோ, எண்ணிப் பாத்தேன், அஞ்சுதான் வருது. ஆறாவது குட்டி செருப்பு ரூம்ல தனியா உக்காந்து சாப்புடுது. அவ்வ்வ்வ்."

எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா வாசித்து முடித்து, "கடைசி வார்த்தை என்ன?" என்றார். "ஏழு" என்றேன். சரியான பதில். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா அப்பா, அதுக்கு முன்னாடி ஆறுன்னு சொன்ன எடத்துல அஞ்சு பேருதான் இருக்காங்க" என்றேன். நான் குற்றம் கண்டுபிடிக்கவில்லை அம்மா. அவ்வளவு கவனமாகக் கேட்டேன் என்று அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"கர்த்தருக்கே கணக்குச் சொல்லித் தரியோ? எந்திரி. தப்பா எண்ணிட்டேன்னு சொல்ற வரைக்கும் உனக்கு இந்த மேசையில எடம் இல்ல."

பதினோரு நாள் சாப்பாடு அந்தப் பூட்ஸ் கழற்றுகிற அறைப் படியில். கதவு திறந்திருக்கும், வாசிப்பு எனக்குக் கேட்கும். படியில் ஒரு கம்பளி மடித்துப் போட்டிருந்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் உள்ளே வந்து, "நான் தப்பா எண்ணிட்டேன்" என்றேன். என் வாழ்க்கையில் அந்த மேசையில் சொன்ன ஒரே பொய் அதுதான். அதற்குப் பரிசாக எனக்கு உருளைக்கிழங்கு கிடைத்தது.

மூப்பர்கள் கேட்கிற இரண்டு வரியை நான் ஏற்கெனவே ஒருமுறை சொல்லிவிட்டேன் அம்மா. மறுபடி சொல்ல மாட்டேன்.

மார்டன்


வெஸ்ட் ஆர்னம்
14 ஏப்ரல்

என் மகனுக்கு,

ஐந்து வாரம் எழுதாமல் இருந்தேன். சுகக்குறைவு ஒன்றுமில்லை. உயிர்த்தெழுந்த ஞாயிறும் போயிற்று. உன் கடிதம் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. நான் தினமும் அப்பம் சுடுகிறவள், தினமும் அதைப் பார்த்தேன்.

கம்பளியைப் போட்டது நான்.

மீதியையும் சொல்கிறேன். 1996 ஏப்ரல் 15, திங்கட்கிழமை. நோட்டு என் முன்னால் இருக்கிறது. 'நாளாகமம் முதல் புத்தகம் 3. வாசித்தது லாம்பர்ட் டைக்ஹூயிஸ். மேசையில் மூன்று பேர். கடைசி வார்த்தை: ஏழு.' அதன் பக்கத்தில் பென்சிலில் ஒரு சின்ன எண். ஐந்து.

நீ பூட்ஸ் அறைக்குப் போனதும், தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக்கையோடு வேதத்தைத் திறந்து எண்ணினேன். ஐந்துதான். நீ சொன்னது சரி. அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அடுத்த பதினோரு நாளும் 'மேசையில் இரண்டு பேர்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். நீ வந்து தப்பாக எண்ணிவிட்டேன் என்று சொன்னபோது, உனக்கு முதலில் தட்டு வைத்தவள் நான். நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு பல வருடம் கழித்து, சபை நூலகம் கழித்துப் போட்ட பழைய விளக்கவுரைகளை வாங்கிப் படித்தேன். ஆறு என்று ஏன் வருகிறது என்பதற்கு ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு பெயர் விழுந்துவிட்டது என்கிறார் ஒருவர். தகப்பனையும் பிள்ளைகளோடு சேர்த்து எண்ண வேண்டும் என்கிறார் இன்னொருவர். வேதத்துக்கு உன் கேள்வியால் ஒன்றும் ஆகியிருக்காது, மார்டன். அது எத்தனையோ பேர் எண்ணிப் பார்த்த புத்தகம். அதைக்கூட நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அந்த அதிகாரம் அதற்குப் பிறகு மூன்று முறை நம் மேசைக்கு வந்து போயிற்று. மூன்று முறையும் 'ஏழு' என்று மட்டும் சொன்னேன்.

நேற்று இராஜாக்கள் இரண்டாம் புத்தகம் பதினெட்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இம்மாதம் இருபத்துமூன்று, வியாழக்கிழமை, அந்த அதிகாரம் மறுபடி வருகிறது.

எனக்காக நீ ஜெபிக்க மாட்டாய் என்று தெரியும். அன்றைக்கு என்னை நினைத்துக்கொள்.

அம்மா


வெஸ்ட் ஆர்னம்
27 ஏப்ரல்

மகனுக்கு,

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

வியாழன், பட்டாணி சூப்பும் ரொட்டியும். அப்பா வாசித்தார். அவர் அந்தப் பெயர்களை இப்போதும் தடுக்காமல் வாசிப்பார், உனக்குத் தெரியுமே. மூடினார். "கடைசி வார்த்தை என்ன?"

"ஏழு" என்றேன். "ஆனா என்னங்க, ஆறுன்னு வாசிச்ச எடத்துல அஞ்சு பேருதான் இருக்காங்க."

என் பக்கம் திரும்பினார். "நீயுமா?"

"அவன் சொன்ன அன்னைக்கே எண்ணிட்டேங்க. அஞ்சுதான்."

"பதிமூணு வருஷமாவா? அப்பவே ஏன் சொல்லல?"

"என்னையும் எந்திரிக்கச் சொல்லுவீங்கன்னு பயந்தேன்."

"சொல்லித்தான் இருப்பேன்" என்றார்.

பிறகு புத்தகத்தைத் திறந்தார். ஒரு கையின் ஐந்து விரலும் தீர்ந்தது. மற்றக் கையின் கட்டைவிரலைத் தூக்கிவிட்டு, அதற்கு வைக்கப் பெயரில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அந்தக் கட்டைவிரல். சாப்பாட்டுக்குப் பிந்தின ஜெபத்தைச் செய்யாமலே எழுந்து போனார். முப்பது வருடத்தில் இது முதல் தடவை. ஜெபத்தை நான் செய்தேன்.

உன் கடிதத்தையும், பெர்தாவின் பேத்தி எடுத்துக் கொடுத்த மூன்றாம் அதிகாரத் தாளையும், விளக்கவுரையையும் அவர் வேதத்தின் பக்கத்தில் வைத்தேன். எடுத்தாரா என்று பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை தட்டில் பரிமாறினதும் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"என்னங்க, எங்க போறீங்க?"

"கதவத் தொறந்து வை. நீ வாசி."

பூட்ஸ் அறைப் படியில் போய் உட்கார்ந்தார், அந்த முழங்காலோடு. நான் நாலாம் அதிகாரத்தை வாசித்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல், "கடைசி வார்த்தை என்னங்க?" என்றேன். பிறகு அங்கிருந்து, "இந்நாள் வரைக்கும்" என்றார்.

சனியும் ஞாயிறும் அப்படியே. நோட்டில் 'மேசையில் ஒருவர்' என்று எழுதியிருக்கிறேன்.

எத்தனை நாள் என்று கேட்டேன். "உனக்குத் தெரியாதா? நோட்டு உங்கிட்டதான இருக்கு" என்றார்.

அம்மா


போர்ட்லண்ட்
30 ஏப்ரல்

அம்மா,

அந்தப் படியில் குளிர் கீழிருந்து ஏறும். அவருக்கும் ஒரு கம்பளி மடித்துப் போடுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

சொல்லவும் செய்யலாம்.

மார்டன்


வெஸ்ட் ஆர்னம்
5 மே

மார்டன்,

அப்பா எழுதுவது. சுகம். சோள விதைப்பு பாதி முடிந்தது. கம்பளி வந்து சேர்ந்தது.

நேற்றோடு பதினோரு நாள். நேற்றுச் சாப்பிட்டு எழுந்து அங்கிருந்தே கூட்டத்துக்குப் போனேன். என் மகன் பதின்மூன்று வயதில் உண்மை சொன்னான், நான் அவனைப் பொய் சொல்ல வைத்தேன், ஆகையால் அவன் பெயர் மேல் கோடு போட இந்தக் கைக்கு யோக்கியதை இல்லை என்றேன். கொஞ்சம் பேசினார்கள். ஒரு வருடம் தள்ளி வைத்திருக்கிறார்கள். புத்தகத்தையும் பேனாவையும் கொடுத்துவிட்டேன். வேறொருவர் எழுதுவார். ஒரு வருடம் கழித்து அவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் சொல்ல முடியாது. நீ அவர்களுக்கு எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

உன் பூனை எழுத்து எனக்குப் பிடிக்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் பெயர் எதையும் நீ விடவில்லை என்று உன் அம்மா சொன்னாள். நானும் பார்த்தேன். விடவில்லை.

உன் வசனத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது. உன் அம்மாவின் விளக்கவுரையில் தகப்பனையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று இருக்கிறது. எண்ணினேன். ஆறு வருகிறது. பிள்ளைகள் ஐந்து பேரும் மேசையில் இருக்கிறார்கள். செருப்பு அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது தகப்பன்.

அப்படியே மாற்றி எழுது. எழுதியதும், அதன் கடைசி வார்த்தை என்னவென்று எனக்குச் சொல். தொலைபேசியை நான்தான் எடுப்பேன்.

லாம்பர்ட் டைக்ஹூயிஸ்
உன் அப்பா